வறுத்த தானியமும் வெந்நீரும்

தானியத்தை நீரில் ஊறவைப்பது நமக்குப் புதிய செயலன்று. அரிசியும் உளுந்தும் ஊறாத இரவு தமிழர் வீடுகளில் அரிது. கேழ்வரகை ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து, முளை கண்டபின் உலர்த்தி, இளவறுப்பாக வறுத்துத் திரித்து, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் வழக்கத்தை நம் பாட்டிமார் நன்கறிவர். தளேகாவைச் சூழ்ந்த மாவள் வட்டாரத்து மராத்தியர் கேழ்வரகை நாச்சணி என்பர். அதனை ஊறவைத்து அரைத்தெடுக்கும் சத்துமாவுக்கு நாச்சணி சத்துவம் என்று பெயர். நவராத்திரித் தொடக்கத்தில் கடம் நிறுத்தி, அதன் அடியில் மண் பரப்பித் தானியம் முளைக்கவிடும் அவர்களுடைய வழிபாட்டைக் காணும் தமிழ் மாணவனுக்கு நம் ஊர் முளைப்பாரி நினைவுக்கு வராமற் போகாது.

இவ்வளவு பழகிய செயலுக்குக் காரணம் கேட்டால் நம்முட் பலர் விடையின்றி நிற்போம். முளைக்கவைப்பது எதற்கு? வறுத்தால் மணம் வருகிறதே, அதனால் வேறு எதையேனும் இழக்கிறோமா? இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை ஒன்று எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. மேனாடுகளில் வீட்டிலே பியர் காய்ச்சுவோரின் அடுப்படியே அவ்விடம். அவர்கள் கடையில் விற்கும் பாகு டப்பாவைக் கொண்டு பியர் செய்யும்போது, கையளவு வறுத்த தானியத்தை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்தச் சாற்றையும் உடன் சேர்க்கின்றனர். எந்தத் தானியத்தை அவ்வாறு ஊறவைக்கலாம், எதனை ஊறவைக்கலாகாது, நீரின் சூடு எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் அடிப்படையான உண்மை ஒன்றே. நெருப்பு தானியத்துக்கு மணத்தைத் தரும். ஆனால் முளை தந்த வலிமையை வாங்கிக்கொள்ளும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இந்நாட்டில் வீட்டிலே பியர் காய்ச்சச் சட்டம் இடம் தரவில்லை. அதைப் பற்றியும் உரிய இடத்தில் கூறுவோம்.

டப்பாவுக்குள் இருப்பது யாது?

பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் வீட்டுப் பியருக்கு வேண்டிய பொருள்களைத் தொகுத்துக் கடைகளில் விற்கின்றனர். அத்தொகுப்பில் முதன்மையானவை ஒரு தகர டப்பாவும் ஒரு சிறு ஈஸ்டுப் பொட்டலமுமே. ஆஸ்திரேலிய நாட்டுக் கூப்பர்ஸ் நிறுவனத்தின் டப்பா 1.7 கிலோ எடையுள்ளது. அதனுடன் ஏறத்தாழ ஒரு கிலோ சர்க்கரையும் வேண்டிய நீரும் சேர்த்தால் 23 லிட்டர் பியர் ஆகும்.

டப்பாவைத் திறந்தால் தேனைப் போலத் தடித்த, கரும்பொன் நிறமுள்ள பாகு ஒன்றைக் காண்போம். அது மால்ட் சாறு. வாற்கோதுமை எனப்படும் பார்லியை ஏறத்தாழ இரண்டு நாள் நீரில் ஊறவிட்டு, நான்கைந்து நாள் முளைக்கவிட்டு, சூடான காற்றில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். அதனை உடைத்து, 65 பாகை அளவுள்ள வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் மணிகளுக்குள் இருக்கும் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்து, காற்றழுத்தம் குறைந்த கலத்தில் நீரைச் சுண்டவைத்தால் அதுவே டப்பாவில் அடைபடும் பாகு. ஆகவே பியர் காய்ச்சுவதில் மிகவும் கடினமான பகுதி ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. வாங்குவோன் செய்ய வேண்டியது பாகைக் கரைத்து, ஆற்றி, ஈஸ்டைத் தூவிக் காத்திருப்பதுதான்.

எளிமைக்கு ஒரு விலை உண்டன்றோ? நீரைச் சுண்டவைக்கும்போது ஆவியோடு மணமும் போகிறது. டப்பாவில் பல மாதம் கிடக்கும் பாகின் நிறம் மேலும் கறுக்கிறது. இப்பாகை மட்டும் கொண்டு செய்த பியர் ஒரே சாயலாக, உயிரற்ற சுவையோடு இருப்பதாகப் பழகியோர் கூறுவர். இக்குறையைத் தீர்க்கவே அவர்கள் புதிதாக உடைத்த தானியத்தை ஊறவைத்த சாற்றைச் சேர்க்கின்றனர். கடைப் பொடியால் வைத்த ரசத்தில் அன்றைக்கு வறுத்து இடித்த மிளகும் சீரகமும் தூவுவதற்கு இதனை ஒப்பிடலாம். ரசம் முன்னரே ஆயிற்று; மணத்தைத்தான் இப்போது கூட்டுகிறோம்.

முளையின் வலிமை

ஒரு தானிய மணி என்பது வருங்காலச் செடிக்கு வைத்த கட்டுச்சோறு. அதிலுள்ள மாவுப்பொருளை முளைக்குருத்து அப்படியே உண்ண இயலாது. மணி நீரை உறிஞ்சியதும் உள்ளே சில நொதிகள் தோன்றி, மாவுப்பொருளின் நீண்ட சங்கிலிகளை வெட்டிச் சிறு சர்க்கரைகளாக்குகின்றன. குருத்து உண்பது அச்சர்க்கரையைத்தான். 1833ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாரான பாயன், பெர்சோ என்னும் இருவர் மால்ட்டிலிருந்து இந்நொதியைப் பிரித்தெடுத்து, டயாஸ்டேஸ் எனப் பெயரிட்டனர். இன்று ஆயிரக்கணக்கான நொதிகளை அறிவோம். அவற்றுள் முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது முளைத்த தானியத்தின் நொதியே என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இந்நொதியைக் கண்ணாற் காண இயலாவிடினும் அதன் வேலையைக் காணலாம். கெட்டியான கஞ்சி ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலாக அது ஆறியதும், வறுக்காத முளைத்த கேழ்வரகு மாவு ஒரு கரண்டி சேர்த்துக் கலக்குங்கள். சில நிமிடங்களில் கஞ்சி நீர்த்து ஓடத் தொடங்கும். 1980களில் பரோடாப் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாசும் அவருடன் பணியாற்றியோரும் இப்பண்பைக் குழந்தை உணவுக்குப் பயன்படுத்துவதை ஆராய்ந்தனர். கெட்டிக் கஞ்சியைக் குழந்தை விழுங்காது. நீரூற்றித் தளர்த்தினாலோ வயிறு நிறையும், சத்து சேராது. முளைமாவைச் சிறிது சேர்த்தால் சத்துக் குறையாமலே கஞ்சி தளரும். பியருக்கு உதவும் அதே நொதி பாலகர் பசியையும் தீர்க்க வல்லது.

நம் முன்னோரும் இவ்வலிமையை அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசியிலிருந்து மது செய்யும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறார். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள பிழாவில் இட்டு ஆற்ற வேண்டும். பிறகு அதில் நெல்முளையை இடித்த அடையைக் கலக்க வேண்டும். பாம்பு வாழும் புற்றினுள் இருக்கும் கறையான் கூட்டைப் போன்றது அவ்வடை என்பது புலவர் காட்டும் உவமை. முளைவிட்ட நெல்லின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தோற்றத்தைக் கண்டவர்க்கு அவ்வுவமையின் பொருத்தம் விளங்கும். பின்னர் இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டுச் சாடியில் விளையவைக்க வேண்டும். வீட்டிலே ஆக்கும் நெல் மதுவுக்குத் தோப்பி என்று பெயர்.

இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. களியை ஆற்றிய பிறகே முளையைக் கலந்தனர். கொதிக்கும் களியில் இட்டிருந்தால் நொதி அழிந்து, களி களியாகவே கிடந்திருக்கும். நொதி என்னும் பெயரை அவர்கள் அறியார். எனினும் அதன் இயல்பை அவர்களுடைய கை அறிந்திருந்தது.

நெருப்பின் தொழில்

முளைத்த ஈரத் தானியத்தை எவ்வாறு உலர்த்துகிறோம் என்பதைப் பொறுத்தே மால்ட்டின் வகை அமைகிறது. முதலில் மிதமான சூட்டில் ஈரத்தை நீக்கி, இறுதியில் 80 பாகையை ஒட்டிய சூடு காட்டினால் வெளிறிய மால்ட் கிடைக்கும். ஈரம் போன பின் நொதிகள் அச்சூட்டைத் தாங்கிக்கொள்ளும். எனவே வெளிறிய மால்ட்டில் வலிமை மிகுதி. நிறமும் மணமும் குறைவு.

இரண்டாம் வகையை ஆங்கிலேயர் கிரிஸ்டல் மால்ட் என்பர். இதில் ஈரத்தைப் போக்காமலே முளைத்த மணிகளை 65, 70 பாகை அளவில் புழுங்கவைக்கின்றனர். அப்போது ஒவ்வொரு மணியும் தன் உமிக்குள்ளேயே ஒரு சிறு பானையாகிறது. உள்ளிருக்கும் மாவு அங்கேயே சர்க்கரைப் பாகாகிறது. நெல்லை ஊறவைத்து உமியோடு அவித்துப் புழுங்கலரிசி எடுக்கும் நமக்கு இம்முறை விந்தையாகத் தோன்றாது. அதன்பின் சூட்டை நூறு பாகைக்கு மேல் ஏற்றி உலர்த்தினால் உள்ளிருக்கும் பாகு இறுகிக் கண்ணாடிபோல் ஆகும். அம்மணியைக் கடித்தால் மிட்டாயைப் போல் நொறுங்கும். கருகாத வெல்லப்பாகின் சுவை தரும்.

மூன்றாம் வகை, உருளையில் இட்டு 200 பாகைக்கு மேல் வறுத்த மால்ட். மிதமாகக் கறுத்ததைச் சாக்லேட் மால்ட் என்றும், முற்றக் கறுத்ததைக் கறுப்பு மால்ட் என்றும் கூறுவர். சாக்லேட் என்பது நிறத்தால் வந்த பெயர். அதில் கோக்கோ சிறிதும் இல்லை. 1817ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் மால்ட் வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் கையளவு கறுப்பு மால்ட்டைக் கொண்டே ஒரு பீப்பாய் பியரைக் கறுக்கச் செய்ய இயன்றது.

வறுபடும்போது மணம் எங்கிருந்து வருகிறது? சர்க்கரையும் புரதத்தின் கூறுகளாகிய அமினோ அமிலங்களும் சூட்டில் இணைந்து நூற்றுக்கணக்கான புதுப் பொருள்களைத் தோற்றுவிக்கின்றன. 1912ஆம் ஆண்டில் இதனை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மயார் என்பவரின் பெயராலேயே இவ்வினையை இன்றும் அழைக்கின்றனர். காப்பிக்கொட்டை வறுபடும்போதும், தோசைக்கல்லில் தோசை முறுகும்போதும், நெய் காயும்போதும் எழும் மணம் பெரிதும் இவ்வினையின் பயனே.

ஆனால் நொதியும் ஒரு புரதம். மணத்தை உண்டாக்கும் அச்சூடு நொதியின் வடிவைக் குலைத்துவிடும். வறுத்த மால்ட்டில் நொதி எதுவும் எஞ்சுவதில்லை. கிரிஸ்டல் மால்ட்டிலும் அவ்வாறே. ஆகவே வெளிறிய மால்ட்டை உழைப்பாளி என்றும், வறுத்த மால்ட்டை வாசனைப் பொருள் என்றும் கொள்ளலாம். நம் வீட்டுக் கேழ்வரகு மாவுக்கும் இது பொருந்தும். முளைகட்டிய பின் நன்றாக வறுத்துத் திரித்த மாவு மணக்கும். ஆனால் கெட்டிக் கஞ்சியைத் தளர்த்தாது. மணம் வேண்டுவோர் வறுக்கட்டும். தளர்ச்சி வேண்டுவோர் வறுக்காமல் உலர்த்தட்டும்.

எதனை ஊறவைக்கலாம்?

இனி முன்னே எழுப்பிய வினாவுக்கு விடை தாமாகவே கிடைக்கும். கிரிஸ்டல் மால்ட்டில் மாவு முன்னரே சர்க்கரையாகிவிட்டது. கறுப்பு மால்ட், சாக்லேட் மால்ட், முளைக்கவிடாமலே கரிய வறுத்த பார்லி ஆகியவற்றில் நாம் நாடுவது நிறமும் மணமுமே. இவற்றை வெந்நீரில் ஊறவைத்தாற் போதும். வேண்டியது கரைந்து வந்துவிடும். நொதியின் உதவி தேவையில்லை.

ஓட்ஸ் அவல், பார்லி அவல், வறுக்காத கோதுமை ஆகியவை அப்படிப்பட்டவையல்ல. அவற்றில் மாவு மாவாகவே இருக்கிறது. அவற்றை மட்டும் ஊறவைத்தால் சர்க்கரை வராது. மாவே கலங்கி வரும். ஈஸ்டால் அம்மாவை உண்ண இயலாது. பியர் கலங்கலாகும், வேறு நுண்ணுயிர்கள் அதனை நாடி வரவும் கூடும். இவற்றைப் பயன்படுத்த விரும்புவோர் வெளிறிய மால்ட்டையும் உடன் சேர்த்து, 65 பாகையை ஒட்டிய சூட்டில் ஒரு மணி நேரம் வைத்திருந்து நொதிக்கு வேலை கொடுக்க வேண்டும். அப்பொழுது அது ஊறவைத்தல் ஆகாது. ஆலையில் நடக்கும் வேலையையே சிறிய அளவில் செய்ததாகும்.

ஐயம் ஏற்பட்டால் தீர்க்க எளிய வழி உண்டு. சாற்றில் சில துளிகளை வெள்ளைத் தட்டில் விட்டு, ஆறியபின் ஒரு துளி அயோடின் கரைசல் சேர்க்கவும். நீலம் பாரித்துக் கறுத்தால் மாவு இருக்கிறது. அயோடினின் பழுப்பு நிறம் மாறாதிருந்தால் மாவு இல்லை. கரிய சாற்றில் நிறமாற்றம் தெரியாதாகையால், வெளிர்ச் சாறுகளுக்கே இச்சோதனை ஏற்றது.

ஊறவைக்கும் முறை

23 லிட்டர் பியருக்கு 250 கிராம் முதல் 500 கிராம் வரை கிரிஸ்டல் மால்ட் சேர்ப்பது வழக்கம். சாக்லேட் மால்ட்டாயின் 100 கிராமே நன்கு நிறம் காட்டும். கறுப்பு மால்ட் அதனினும் குறைவாகவே வேண்டும்; மிகுந்தால் கருகல் கசப்பு மேலோங்கும்.

மணிகளை இரண்டு மூன்று துண்டாக உடைக்க வேண்டும். மாவாக அரைத்தல் கூடாது. உமி கூடியவரை முழுதாக இருத்தல் நன்று. உடைத்ததை மெல்லிய மல் துணியில் தளர்வாக முடிந்துகொள்ளவும். இறுக்கி முடிந்தால் நடுவிலுள்ள தானியத்தை நீர் சென்று சேராது.

250 கிராம் தானியத்துக்கு இரண்டு லிட்டர் நீர் போதும். நீரை 72 பாகைக்குச் சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்கி, துணி முடிச்சை அமிழ்த்தினால் சூடு 70 பாகை அளவில் நிற்கும். வெப்பமானி இல்லாதவர் கொதிநீர் இரண்டு பங்கும் சாதாரணத் தண்ணீர் ஒரு பங்கும் கலந்துகொள்ளலாம். தளேகாவ் தக்காணப் பீடபூமியின்மேல் இருப்பதால் இங்கு நீர் 100 பாகைக்குச் சற்று முன்பே கொதித்துவிடும். அதனையும் கணக்கிட்டால் கலவையின் சூடு ஏறத்தாழ 73, 74 பாகை இருக்கும், அதுவும் தகும். பாத்திரத்தை மூடி 20 முதல் 30 நிமிடம் வைக்கவும். இடையில் முடிச்சை இரண்டு மூன்று முறை மேலும் கீழும் அசைத்துக் கொடுக்கலாம்.

பிறகு முடிச்சைத் தூக்கிச் சாற்றை வடியவிடவும். பிழிந்தெடுக்க வேண்டா, பிழிந்தால் உமித் தூளும் மாவும் சாற்றில் இறங்கும். முடிச்சை எடுத்த பின் சாற்றை மட்டும் பத்து நிமிடமேனும் கொதிக்கவிட வேண்டும். தானியத்தின் மேற்பரப்பில் பாலைத் தயிராக்கும் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் ஏராளமாக வாழ்கின்றன. 70 பாகையில் அரைமணி நேரம் வைத்தால் அவை எல்லாம் மாய்ந்தன என்று கூறுவதற்கில்லை. கொதிக்கவிடாத சாறு பியரைப் புளிக்கச் செய்துவிடும். கொதித்த சாற்றில் டப்பாவின் பாகைக் கரைத்து, மீதி நீரைச் சேர்த்து, 20 பாகை அளவுக்கு ஆற்றியபின் ஈஸ்டை இடுவர்.

தானியத்தைக் கொதிக்கவிடலாகாது ஏன்?

சாற்றைக் கொதிக்கவிடச் சொன்னோம். தானியத்தைக் கொதிக்கவிடச் சொல்லவில்லை. இவ்வேறுபாட்டை மறந்தவர் சாறு கெட்டுவிடும். தானியத்தின் உமியில் டானின் என்னும் துவர்ப்பொருள் உண்டு. மாவடுவைக் கடித்தால் நாக்கு வறண்டு இழுப்பதும், பாக்கு துவர்ப்பதும் இவ்வினப் பொருளால்தான். நீரின் சூடு 77 பாகைக்கு மேற்சென்றால் உமியிலிருந்து துவர்ப்பு மிகுதியாக இறங்கும். நீர் காரத்தன்மை உடையதாயின் இன்னும் விரைவாக இறங்கும். மால்ட் சாறு இயல்பிலேயே சற்று அமிலம். ஆனால் கொஞ்சம் தானியத்துக்கு நிறைய நீர் ஊற்றினால் அவ்வமிலம் நீர்த்துப்போகும். இரண்டு லிட்டர் போதும் என்று மேலே கூறியது இதனாலேயே.

தேயிலையைக் கொண்டு இதனை எவரும் அறியலாம். இலையை மூன்று நிமிடம் வைத்து வடித்த தேநீர் மணக்கும். அதே இலையைப் பத்து நிமிடம் காய்ச்சினால் தொண்டையைப் பற்றும். தேநீர்க்கடைக்காரர் பாலையும் சர்க்கரையையும் ஊற்றி அத்துவர்ப்பை மறைத்துவிடுவார். பியரில் அவ்வாறு மறைக்க இடமில்லை.

சட்டமும் நாமும்

இவற்றையெல்லாம் படித்த இளைஞர் சிலருக்கு உடனே செய்து பார்க்கும் ஆவல் பிறக்கலாம். அவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டில் பம்பாய் மதுவிலக்குச் சட்டமாகப் பிறந்து, இன்று மகாராஷ்டிரத்தின் பெயரால் வழங்கும் சட்டம், உரிமமின்றி மது ஆக்குவதைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமும் அவ்வாறே. விற்கவில்லை, சொந்தத்துக்குத்தான் செய்தேன் என்பது விடுதலை தராது. புனேயில் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய டூலாலி போன்ற சிறு பியர் ஆலைகள் உரிமம் பெற்றே பியர் காய்ச்சுகின்றன. பிரிட்டனில் 1963ஆம் ஆண்டு முதல் வீட்டுப் பியருக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் வீட்டுப் பியருக்கு இருந்த நடுவண் அரசின் தடையை நீக்கியது. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் தம் வீட்டில் மாதத்துக்கு 30 லிட்டர் வரை சொந்தப் பயனுக்குக் காய்ச்சலாம். ஆகவே டப்பாப் பியர் அந்நாடுகளில் வாழும் தமிழர்க்கு ஒரு பொழுதுபோக்கு. தளேகாவில் அறை எடுத்துப் படிக்கும் மாணவனுக்கோ குற்ற வழக்கு.

வேறொரு கவலையும் நம் நெஞ்சில் உண்டு. ஊறல் என்ற சொல்லைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் கண்டால், காட்டில் புதைத்து வைத்த சாராய ஊறலைக் காவலர் அழித்த செய்தியாகவே அது இருக்கும். 2015ஆம் ஆண்டில் மும்பை மால்வணியில் நச்சுச் சாராயம் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிடத்தும் கொன்றது மெத்தனால். ஆலைத் தொழிலுக்கு உரிய அந்நஞ்சு பார்லிச் சாற்றில் ஈஸ்டு விளைவிக்கும் பொருளன்று; பணத்தாசை பிடித்தோர் கொண்டுவந்து கலந்தது. இதனை அறியாதவர் எல்லா ஊறலையும் நஞ்சென்று அஞ்சுவர். அல்லது எல்லாச் சாராயமும் ஒன்றுதானே என்று எண்ணி நஞ்சையே அருந்துவர். இரண்டாவது அறியாமை உயிரையே வாங்குகிறது. மதுவை விரும்புவோரும் வெறுப்போரும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

அறையிலே செய்யத்தக்க சோதனை

சட்டம் தடுப்பது மதுவை. வெந்நீரில் தானியத்தை ஊறவைப்பதை அன்று. ஈஸ்டைச் சேர்க்காமல் இவ்வறிவு முழுவதையும் நாம் சோதித்துப் பார்க்கலாம். உமி நீங்காத பார்லி ஒரு பிடி வாங்கி, இரும்புச் சட்டியில் காப்பிக்கொட்டையின் நிறம் வருமளவும் கிளறி வறுக்கவும். உடைத்து இரண்டு சம பங்காக்கவும். ஒரு பங்கை 70 பாகை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைக்கவும். மற்றப் பங்கை அதே அளவு நீரில் இருபது நிமிடம் கொதிக்கவிடவும். இரண்டையும் வடித்து ஆற்றி, நண்பர் ஒருவரிடம் எது எது என்று கூறாமல் சுவைக்கக் கொடுங்கள். முன்னதில் மணமும் பின்னதில் துவர்ப்பும் மிகுந்திருப்பதை அவர் நாக்கே கூறிவிடும். வறுத்த பார்லியின் ஊறல் நீர் கொரியாவிலும் ஜப்பானிலும் நாள்தோறும் அருந்தும் பானமே. அதில் மயக்கம் தருவது எதுவுமில்லை.

மற்றொரு மாலையில் கஞ்சிச் சோதனையைச் செய்யுங்கள். நாச்சணி தளேகாவ்ச் சந்தையில் எளிதில் கிடைக்கும். முளைகட்டி உலர்த்திய மாவை இரண்டு பங்காக்கி, ஒன்றை மட்டும் வறுத்து, இரண்டு கிண்ணம் கெட்டிக் கஞ்சியில் தனித்தனியே கலந்து பாருங்கள். ஒரு கிண்ணம் இளகி ஓடும். மற்றொன்று மணத்தோடு அசையாமல் நிற்கும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அரிசி மது ஆக்கியவர் களியை ஆற்றிய பின் ஏன் முளையைக் கலந்தார் என்பதும், இன்று டப்பாப் பாகு வாங்குவோர் ஏன் வறுத்த தானியத்தை மட்டும் ஊறவைக்கின்றனர் என்பதும் அவ்விரு கிண்ணங்களிலேயே தெரியும். ஊரிலிருக்கும் அன்னையிடம் தொலைபேசியில் பேசும்போது, குழந்தைக் கஞ்சிக்கு எந்த மாவை வறுப்பது, எதனை வறுக்காமல் வைப்பது என்று காரணத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். கல்லூரியில் கற்ற வேதியியல் வீட்டுக்குப் பயன்பட வேறென்ன வேண்டும்?